‘ஏமாந்த ஆசிரியை’ என்ற தலைப்பு குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கணவரை இழந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முகநூலில் பழகிய ‘வெளிநாட்டு டாக்டருக்கு’ பல லட்சம் ரூபாய் அனுப்பிய செய்தி. ‘முகநூல் காதலில் மயங்கி ஏமாந்த ஆசிரியை’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பெயர் போடவில்லை. ஆனால் வயது, தெரு, கடைசியாக வேலை பார்த்த பள்ளி இருக்கும் ஊர் எல்லாம் இருந்தன. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? பக்கத்தில் உடைந்த இதயம் ஒன்றின் படம் வேறு. டீக்கடையில் இரண்டு பேர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஆசிரியை யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் அக்காவும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான். அவரும் கணவரை இழந்தவர். இதே வழியில் 7 லட்சத்து 62 ஆயிரம் ரூபாயைப் பறிகொடுத்தவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து, துணை அஞ்சலகத் தலைவராக ஓய்வுபெற்றவன். லாஸ்பேட்டையில் வீடு. அக்கா கடலூரில், செம்மண்டலம் பக்கம் தனியாக இருக்கிறார். பஸ்ஸில் முக்கால் மணி நேர தூரம். 2021 மே மாதம் கொரோனாவில் மாமா போனார். 2023ல் அக்கா பணி ஓய்வு பெற்றார். பையன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். நானும் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். நல்ல தம்பி என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அக்கா மொட்டை மாடியில் வைத்திருக்கும் நித்தியமல்லியைப் படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார். ‘எங்கள் அம்மா வீட்டிலும் இதே கொடி இருந்தது’ என்று ஒருவன் எழுதினான். லண்டனில் எலும்பு மருத்துவர், தாத்தா காலத்தில் தஞ்சாவூரிலிருந்து போன குடும்பம், மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டார் என்று சொன்னான். அப்புறம் பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போனது. தினமும் காலை ஐந்தரைக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வரும். “வணக்கம். சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?”

இதை நான் மூன்று நான்கு முறை படித்தேன். ஆறு மாதத்தில் ஒருநாள் கூட அவன் இதைக் கேட்கத் தவறவில்லை. மாமா இறந்த பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அக்காவிடம் இதைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் பெண்ணையாறு பெருகிக் கடலூருக்குள் தண்ணீர் வந்தது. அன்று விடியற்காலையிலிருந்து அவன் அக்காவுக்கு 14 செய்திகள் அனுப்பியிருக்கிறான். தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது, போனில் சார்ஜ் இருக்கிறதா, பத்திரங்களை மேலே எடுத்து வைத்தீர்களா என்று. நான் கூப்பிட்டது மாலை நான்கு மணிக்கு. எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர்தான், கரண்ட் இல்லைதான். இருந்தாலும் நேரத்தைப் பார்த்தால் அதுதான் கணக்கு.

பிப்ரவரியில் பார்சல் வந்தது. வரவில்லை, வருவதாகச் சொன்னார்கள். அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பியிருப்பதாக அவன் சொன்னான். மறுநாள் டெல்லி விமான நிலையத்துச் சுங்கத் துறை என்று ஒரு பெண் பேசினாள். வரி 38,500 ரூபாய். கட்டியதும், உள்ளே வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, அபராதம் கட்டாவிட்டால் உங்கள் மேல் வழக்கு வரும் என்றார்கள். இப்படியே ஐந்து வாரத்தில் 11 முறை. சுங்கத் துறை யாரையும் போனில் கூப்பிட்டுத் தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அது உண்மையா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இது எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

நடுவில் ஒருநாள் அக்கா போனில் கேட்டார். “எம்ஐஎஸ்ஸை முன்னாடியே முடிச்சா எவ்வளவு பிடிப்பாங்க தம்பி?” அஞ்சலக மாத வருமானத் திட்டத்தைத்தான் கேட்டார். மூன்று வருஷம் ஆகவில்லை என்றால் அசலில் இரண்டு சதவீதம், அதற்கு மேல் ஆகியிருந்தால் ஒரு சதவீதம் என்று உடனே சொன்னேன். 38 வருஷம் சொன்ன பதில், வாயில் தானாக வரும். எதற்குக் கேட்கிறீர்கள் அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச்சில் அக்கா என்னிடம் 90,000 ரூபாய் கடன் கேட்டார். அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட முதல் கடன். துருவித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “படிச்சவங்கதானே நீங்க? முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவங்களுக்கு இது கூடவா தெரியல? இந்த வயசுல இது தேவையா?” வாசலில் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் கிளம்பி வந்தேன். அடுத்த நாள் அவர் இரண்டு வளையல்களை அடகு வைத்து அந்த 90,000 ரூபாயை அனுப்பிவிட்டார். அதுதான் பதினோராவது தவணை.

பல நாட்கள் எனக்கு இது புரியவே இல்லை. மோசடி என்று இவ்வளவு சொன்ன பிறகும் எப்படி அனுப்பினார்? என் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லித் தருகிறாள். “அத்தையைத் திட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்கப்பா” என்று சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினாள். ஆங்கிலம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன்.

மோனிகா விட்டி என்ற உளவியல் பேராசிரியர் இந்தக் குற்றத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். 2013ல் அவர் எழுதிய கட்டுரையில் இந்த மோசடியை ஏழு கட்டமாகப் பிரிக்கிறார். துணை தேடும் மனம், அதற்குப் பொருத்தமான ஆள் வந்து நிற்பது, மாதக்கணக்கில் பழகி நம்பவைப்பது, அப்புறம் பணம் கேட்பது, கேட்டுக்கொண்டே இருப்பது என்று போகும். படிக்கப் படிக்க எங்கள் அக்காவின் வாட்ஸ்அப்பைப் பார்த்து எழுதினாற்போல் இருந்தது. பணம் கேட்பது நான்காவது கட்டம்தான். நாம் செய்தியில் படிப்பது அந்த நான்காவதிலிருந்துதான். அதற்கு முன்னால் காலை ஐந்தரை மணிக்கு நடந்ததெல்லாம் செய்தியில் வருவதே இல்லை, அதனால்தான் படிப்பவர்களுக்கு அந்தப் பெண் முட்டாளாகத் தெரிகிறார்.

ஏழாவது கட்டம், ஒருமுறை பறிகொடுத்தவரிடமே திரும்ப வருவது. இதுவும் எங்களுக்கு நடந்தது. புகார் கொடுத்து மூன்று வாரத்தில், “சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், ஆளைப் பிடித்துவிட்டோம், பணம் திரும்பக் கிடைக்க கோர்ட் கட்டணம் 15,000 கட்டுங்கள்” என்று ஒரு அழைப்பு. நல்லவேளை, அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

விட்டியே 2018ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், இந்த மோசடியில் சிக்குபவர்களில் நடுவயதுப் பெண்கள், அதுவும் நன்றாகப் படித்தவர்கள் அதிகம் என்று கண்டிருக்கிறார். ‘படிச்சவங்கதானே’ என்று வாசலில் நின்று கத்தினேனே, அந்த வரிக்கு அருகில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அவரும் டாம் புகானன் என்பவரும் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி இன்னொரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்கு விழும் அடி இரட்டை அடி என்கிறார்கள். பணமும் போகிறது, உறவும் போகிறது. சிலருக்குப் பணம் போனதைவிட உறவு போனதுதான் பெரிய துக்கம். இதைப் படித்த பிறகுதான் அக்கா அழுதுகொண்டே சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு விளங்கியது. “மாமா போனப்ப பதினாறாம் நாள் காரியம் பண்ணோம், ஊரே வந்துச்சு. இவன் போனதுக்கு நான் யார்கிட்ட போய் அழறது தம்பி? இப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்றீங்க.” கட்டியவர் இறந்தால் ஊர் கூடும். இதற்கு ஊர் சிரிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா கிராஸ் என்ற ஆய்வாளர் இருக்கிறார். இணைய மோசடியில் பணம் இழந்த முதியவர்களைச் சந்தித்துப் பேசி 2015ல் ஒரு கட்டுரை எழுதினார். இவர்களைப் பற்றிய கேலியும், பேராசைப்பட்டார், முட்டாள் என்ற பேச்சும் இவர்களைத் தனிமைப்படுத்துகின்றன, நடந்ததை வெளியே சொல்ல விடாமல் செய்கின்றன என்பது அதன் சாரம். 2018ல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து, இந்த மோசடிக்காரர்கள் செய்வதையும் வீட்டுக்குள் மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன்மார்கள் செய்வதையும் ஒப்பிட்டார்கள். சொந்தபந்தத்திலிருந்து பிரிப்பது அதில் ஒன்று. அக்காவின் போனில் அதுவும் இருந்தது. “தம்பிக்கு இது பிடிக்காது. உங்களை அசிங்கமாப் பேசுவார். நமக்குள்ளயே இருக்கட்டும்.”

அவன் சொல்லிவைத்தபடியே நான் பேசினேன். அவன் சொன்னது அத்தனையும் பொய், இது ஒன்றைத் தவிர. அதனால்தான் மறுநாள் வளையல் அடகுக்குப் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

புகார் கொடுக்க அக்கா வந்தது, கடைசித் தவணைக்கு 19 நாள் கழித்து. முதல் 18 நாளும் என் முகத்தைப் பார்க்கவே கூசியிருக்கிறது அவருக்கு. இந்தத் தாமதம் என்ன செய்யும் என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கூப்பிடலாம். எவ்வளவு தொகை, எந்தத் தேதி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மீதி இருப்பதை வங்கி முடக்கி வைக்கும். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் யாரோ கமிஷனுக்கு வாடகைக்கு விட்டதாக இருக்கும். அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து ஐந்து என்று சில மணி நேரத்தில் பணம் கலைந்துவிடும். அதனால்தான் முதல் சில மணி நேரம் தங்கம் என்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரே ஒரு கணக்கில் 41,000 ரூபாய் மிச்சம் இருந்தது. அது இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது, நீதிமன்ற உத்தரவுக்காக.

புகார் எழுதும் இடத்தில் அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட 80 பக்க நோட்டு. தேதி, தொகை, கணக்கு எண், யார் பேசினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று 11 தவணையும் பத்தி பிரித்து, அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். மார்க் போடும் பதிவேடு மாதிரி மணி மணியான எழுத்து. ஆறாவது தவணைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கேள்விக்குறி. அதை அப்போதே போட்டிருக்கிறார். சந்தேகம் வந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அங்கிருந்த பெண் காவலர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, “இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவந்ததில்லைம்மா” என்றார். மார்ச்சுக்கு அப்புறம் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

வங்கியில், ‘நீங்களே அனுப்பியதுதானே, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்றார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போவதைப் பற்றியது. பொய் சொல்லி அவர் கையாலேயே அனுப்பவைத்தால் அது அதில் வராது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படிச் சொந்தக் கையால் அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும், அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே நான் கேட்பது உங்கள் கையிலேயே இருப்பதைத்தான்.

2024 டிசம்பரில் இன்டர்போல் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஆசை காட்டிப் பழகி முதலீட்டில் பணம் பறிக்கும் மோசடிக்குச் சீனாவில் குற்றவாளிகள் வைத்த பெயரை, ‘பன்றியைக் கொழுக்கவைத்து வெட்டுவது’ என்று பொருள்படும் பெயரை, உலகப் பத்திரிகைகளும் காவல் துறையும் அப்படியே எழுதிவந்தன. பாதிக்கப்பட்டவரைப் பன்றி என்று சொன்னால் அவர் எப்படி வந்து புகார் கொடுப்பார், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று இன்டர்போல் கேட்டுக்கொண்டது. போலீஸ் அமைப்பு ஒன்று சொல்லைப் பற்றிக் கவலைப்படுகிறது. சொல்லையே தொழிலாக வைத்திருக்கும் நீங்கள் படக் கூடாதா?

தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனால் ‘5 பவுன் நகையைப் பறிகொடுத்த பெண்’ என்று எழுதுகிறீர்கள். நகை போட்டுக்கொண்டு ஏன் தனியாக நடந்தாய் என்று தலைப்பில் கேட்பதில்லை. அதே மரியாதை இவர்களுக்கும் வேண்டும். ‘காதலில் மயங்கி’ வேண்டாம். அது காதல் இல்லை, கொள்ளை. கொள்ளைக்காரன் எந்த வழியாக வந்தான், எத்தனை மாதம் காத்திருந்தான், பணம் எந்தெந்த மாநிலத்துக் கணக்குகளுக்குப் போனது என்று எழுதுங்கள். பெண்ணின் வயதைவிட அது மற்றவர்களுக்குப் பயன்படும். தெரு, பள்ளி, ஊர் வேண்டாம். செய்தியின் அடியில் 1930 என்ற எண்ணைக் கட்டம் கட்டிப் போடுங்கள். மனசு விட்டுப் பேச 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. இந்தச் செய்திகளோடு அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும் ஒருவருக்கு அது தேவைப்படலாம். அக்காவுக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைத்துவைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023ல் சொன்னது. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மாட்டி, 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கியவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளே 13 பேர். அக்காவுக்கு எழுதியவன் அப்படிப்பட்டவனா என்று எனக்குத் தெரியாது. அக்கா மட்டும் அவ்வப்போது கேட்பார், “அவனையும் யாராவது அடிச்சு எழுதவெச்சிருப்பாங்களோ தம்பி?” என்று. முன்பு என்றால் கத்தியிருப்பேன். இப்போது இருக்கலாம் அக்கா என்று சொல்கிறேன்.

இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்கு நான்தான் போன் பண்ணுகிறேன். மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறேன். முதல் சில நாள் அந்தக் கேள்வியே அக்காவுக்கு வலித்தது. இப்போது பதில் சொல்கிறார்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்கு ஒற்றுப்பிழை திருத்தினார். நானே இரண்டு இடத்தில் என்னை அறியாமல் ‘அக்கா ஏமாந்தது’ என்று எழுதியிருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டு, மேலே ‘ஏமாற்றப்பட்டது’ என்று எழுதினார். கடைசியில் அந்த இரண்டு வரியையுமே எடுத்துவிட்டேன். மற்றபடி அவர் திருத்தியபடியே அனுப்பியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் என் கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 1930 இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அக்காவுக்காக, வெளியிட வேண்டாம்.)